ஓட்டல் மிச்சமா, வேகவைத்ததா, அடர்தீவனமா? பன்றிப் பண்ணைக்கு எது கட்டுப்படியாகும், எதில் நோய் உள்ளே வரும்

இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு போன் செய்தார்கள். ஒருவர் தர்மபுரிப் பக்கம், 50 குட்டி விட்டிருக்கிறார், தீவன மூட்டை விலையைப் பார்த்து ஓட்டல் மிச்சத்துக்கு மாறலாமா என்று யோசிக்கிறார். இன்னொருவர் நேர் எதிர். ஆறு வருஷமாக ஓட்டல் மிச்சத்திலேயே ஓட்டியவர், பக்கத்து ஊரில் பன்றிகள் செத்ததைக் கேள்விப்பட்டு, "அண்ணா, பேசாம முழுக்கத் தீவனத்துக்கு வந்துடட்டுமா?" என்று கேட்டார். மூன்றாமவர் இன்னும் ஷெட்டே போடவில்லை.

மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கணக்கை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லலாம். நானும் இதே குழப்பத்தில் கிடந்து, ஓட்டல் மிச்சத்தில் ஆரம்பித்து, வேகவைத்துப் போட்டு, கடைசியில் வேறொன்றுக்கு வந்தவன்தான். வெண்பன்றி வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், வீட்டில் ரெண்டு மூன்று வளர்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

## எதை வைத்து எடை போடுவது

பலர் ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள்: கிலோ என்ன விலை? அது போதாது. நான் நான்கு விஷயம் பார்க்கிறேன்.

முதலாவது, இந்தத் தீனி பண்ணைக்குள் வர எத்தனை கதவு திறக்க வேண்டும். தீனியில் இருக்கும் கறித்துண்டு ஒரு கதவு. அதைக் கொண்டுவரும் டிரம், வண்டி, ஓட்டுநரின் செருப்பு, கொட்டிய இடத்துக்கு வரும் நாயும் காக்கையும் எலியும், இதெல்லாம் தனித்தனிக் கதவுகள்.

இரண்டாவது, ஒரு பன்றியை விற்கும் எடைக்குக் கொண்டுவர மொத்தம் எவ்வளவு செலவாகிறது. தீனியின் கிலோ விலை வேறு, இது வேறு. ஓட்டல் மிச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான், அதனால் கிலோ விலையை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துதான் போவீர்கள்.

மூன்றாவது, ஒரு வாரம் தீனி வராமல் நின்றுபோனால் என்ன ஆகும். புரட்டாசியில் அசைவ ஓட்டல்களில் கூட்டம் குறையும், மே மாதம் கல்லூரி விடுதி மெஸ் மூடும், 2020 ஊரடங்கில் எல்லாமே ஒரே நாளில் நின்றது. அன்றைக்குப் பன்றி பட்டினி கிடக்குமா, கிடக்காதா?

நான்காவது, நோய் வந்துவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்.

## முதலில் எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்

சுருக்கமாகவே சொல்கிறேன். சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கு (கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்) தடுப்பூசி இருக்கிறது, போடுங்கள். கோமாரிக்கும் (கால், வாய் நோய்) இருக்கிறது, மாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பன்றிக்குப் போடாமல் விட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். கோமாரி வந்த பன்றி மூச்சில் வெளியேற்றும் வைரஸ் மாட்டை விடப் பல மடங்கு அதிகம், அதனால் உங்கள் பண்ணை பக்கத்துத் தோட்டத்து மாடுகளுக்கும் ஆபத்தாகிவிடும்.

மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுப்பது: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 1921ல் கென்யாவில் முதலில் விவரிக்கப்பட்டது, 2007ல் ஜார்ஜியா, 2018ல் சீனா, 2020ல் அஸ்ஸாம், அருணாசலம். 2022 ஜூலையில் வயநாட்டில் மானந்தவாடிப் பக்கம் பண்ணைகளில் வந்தது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்தபோது அதுவும் இதே நோய்தான் என்று உறுதியானது. மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது. வியட்நாமில் தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்தார்கள், நம் ஊரில் வாங்கிப் போட அப்படி ஒன்று இல்லை. தீவிரமாக வந்த பண்ணையில் அனேகமாக எதுவும் மிஞ்சாது. உள்ளே போன வைரஸ் வெளியே தெரிய 4 முதல் 19 நாள் ஆகும், அதற்குள் அந்தப் பண்ணைக்கு வந்துபோன வண்டி எத்தனை பண்ணை ஏறி இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வைரஸ் ரத்தத்திலும் குளிரூட்டிய இறைச்சியிலும் மாதக்கணக்கில், உறைநிலையில் வருஷக்கணக்கில்கூடச் சாகாமல் கிடக்கும். உப்புக்கண்டம் போட்டாலும் உடனே போய்விடாது.

## வழி 1: ஓட்டல் மிச்சத்தை அப்படியே போடுவது

தமிழ்நாட்டில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓட்டலுக்கும் குப்பை போன மாதிரி, நமக்கும் தீனி வந்த மாதிரி. காலையில் குட்டியானை வண்டி கிளம்பும், பத்து இருபது டிரம் நிரப்பி மத்தியானத்துக்குள் வந்துவிடும்.

இதில் எல்லோரும் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: "நாம எடுக்கிற ஓட்டல்ல பன்றிக்கறியே கிடையாதே, அப்புறம் பன்றி நோய் எப்படி வரும்?" நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி சரி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பன்றிக்கறி வழியாகத்தான் தீனிக்குள் வரும், ஆட்டு எலும்பிலிருந்து வராது. ஆனால் கோமாரி ஆட்டு எலும்பு மஜ்ஜையிலும் மாட்டு எலும்பிலும் தாராளமாகத் தங்கும். 2001ல் இங்கிலாந்தில் கோமாரி வெடித்து 60 லட்சத்துக்கும் மேல் ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்களே, அந்த வினை ஆரம்பித்ததாகக் கண்டுபிடித்தது ஒரு பன்றிப் பண்ணையில், சரியாக வேகவைக்காமல் போட்ட மிச்சத்தில். அதே வருஷம் அங்கே எச்சில் தீனியையே தடை செய்துவிட்டார்கள்.

மீதிப் பாதி தவறு எங்கே என்றால், டிரம்மில்.

ஒரு நாள் வழக்கமான ஓட்டுநர் வராமல் வேறொரு பையன் வண்டியோடு வந்தான். டிரம்மைச் சாய்த்துக் கொட்டும்போது மேல் விளிம்பில், மூடி உட்காரும் வளையத்துக்குள், ஏதோ ஒட்டியிருந்தது. தேங்காய் நார் என்று நினைத்து நகத்தால் கீறி எடுத்தேன். முரட்டு வெள்ளை முடி. நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. பன்றி வளர்ப்பவனுக்கு அது என்ன முடி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பன்றி ஒன்றுகூட அந்த டிரம் பக்கம் போனது கிடையாது. கேட்டதற்கு, "அது வேற பார்ட்டி டிரம்ணா, பன்னி வெட்டுற எடத்துல கழிவு ஏத்துவோம், கழுவிட்டுத்தான் வந்தேன்" என்றான். கழுவியிருந்தான், உண்மைதான், வெறும் தண்ணீரில். நான் ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் எந்தப் பண்ணைக்கும் போகாமல், ஆட்களை உள்ளே விடாமல், வாசலில் சுண்ணாம்பு போட்டுக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். எவனோ வெட்டிய பன்றியின் ரத்தம் பட்ட டிரம் தினமும் என் தொட்டி வரைக்கும் வந்து போய்க்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எனக்குக் கறித்துண்டை விட டிரம்மும் வண்டியும்தான் பயம். அந்த வண்டி ஒரு நாளில் ஐந்து பண்ணை போகும். ஐந்தில் ஒன்றில் நோய் இருந்தாலும் மற்ற நான்கும் வரிசையில் நிற்கின்றன.

மறைந்திருக்கும் மற்ற செலவுகளும் இருக்கின்றன. உப்பு ஒன்று. ஊறுகாய், கருவாட்டுக் குழம்பு, சாம்பார் என்று தினமும் உள்ளே போகிறது, வெயில் காலத்தில் ஒரு நாள் மோட்டார் ஓடாமல் தண்ணீர் தட்டினால் போச்சு, பன்றி கண் தெரியாத மாதிரி சுவரில் முட்டும், வட்டமடிக்கும், வெட்டு (வலிப்பு) வரும். உப்பு விஷம் அது. மக்கள் இதைப் பார்த்துவிட்டு ஏதோ மூளைக்காய்ச்சல் என்று ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்புறம் பல் குத்தும் குச்சி, சில்வர் பேப்பர், ரப்பர் பேண்டு, பார்சல் கவர். எண்ணெய் அதிகம் போவதால் கொழுப்பு கொழகொழவென்று இருக்கிறது என்று வியாபாரி விலையைக் குறைப்பதும் உண்டு.

இந்த வழி யாருக்குச் சரி? நேராகச் சொல்கிறேன், விற்பனைக்கு வளர்க்கும் எந்தப் பண்ணைக்கும் இதை நான் சொல்ல மாட்டேன்.

## வழி 2: அதே மிச்சத்தை வேகவைத்துப் போடுவது

காகிதத்தில் பார்த்தால் இதுதான் நடுவழி. மிச்சமும் வீணாகாது, வைரஸும் சாகும். உலக விலங்குகள் சுகாதார அமைப்பின் விதி தெளிவாக இருக்கிறது: குறைந்தது 90 டிகிரி வெப்பம், குறைந்தது 60 நிமிடம், விடாமல் கிளறிக்கொண்டே. மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு.

நம் ஆட்கள் செய்வது என்ன? ஓரத்தில் குமிழி வந்ததும் "கொதி வந்துடுச்சு" என்று அடுப்பை இழுத்துவிடுவார்கள். சோறும் குழம்புமாகக் கெட்டியாக இருக்கும் டிரம்மில் ஓரம் கொதிக்கும்போது நடு மையம் கை வைக்கும் சூட்டில்தான் இருக்கும். நம்பாவிட்டால் நீளக் குச்சியில் ஒரு தெர்மாமீட்டர் கட்டி நடுவில் விட்டுப் பாருங்கள். சில நூறு ரூபாய் சாமான், நான் இரண்டு வருஷம் அது இல்லாமலே வேகவைத்துவிட்டுப் பத்திரமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விறகுக் கணக்கு அடுத்தது. 200 லிட்டர் டிரம் ஒன்றை மூன்று கல் அடுப்பில் 90 டிகிரிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் நிறுத்த எனக்கு 20 முதல் 25 கிலோ விறகு பிடித்தது. மழைக்காலத்தில் ஈர விறகு என்றால் இன்னும் மேலே. ஒரு ஆள் அந்த நேரம் முழுக்க அங்கேயே நிற்க வேண்டும், எலும்பையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்க வேண்டும், கிளற வேண்டும்.

இதெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் கடைசியில் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. வெந்த தீனியை எதில் அள்ளுகிறீர்கள்? வேகாத மிச்சத்தை அள்ளிய அதே வாளியில் என்றால் விறகு எரித்தது வீண். நான் செய்தது இது: வேகாத மிச்சம் வரும் டிரம், வாளி, கரண்டி எல்லாவற்றுக்கும் சிவப்பு பெயின்ட், வெந்ததற்குப் பச்சை பெயின்ட். அடுப்பு வேலிக்கு வெளியே. சிவப்பு எதுவும் வேலியைத் தாண்டக் கூடாது. மிச்சம் இறக்கும் ஆள் பன்றிக்குத் தீனி வைக்கக் கூடாது. முதல் மாதம் சரியாக நடந்தது. மூன்றாம் மாதம் ஒரு நாள் பச்சை வாளி உடைந்தது, ஆள் சிவப்பு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம், மாற்று வாளி வாங்கி வைக்காதது நான்தானே.

அதாவது இந்த வழியின் பாதுகாப்பு முழுக்க ஒரு ஆளின் ஒழுக்கத்தில் நிற்கிறது. அந்த ஆள் நீங்களே என்றால், வீட்டார் சேர்ந்து செய்கிறீர்கள் என்றால், விறகு சொந்தத் தோப்பில் கிடைக்கிறது என்றால் இது நல்ல வழி. ஒரே விடுதி அல்லது ஒரே மண்டபத்திலிருந்து, உங்கள் சொந்த வண்டியில், உங்கள் சொந்த டிரம்மில் எடுக்கிறீர்கள் என்றால் இன்னும் நல்லது. கூலிக்கு ஆள் வைத்து, வாடகை வண்டியில், கண்ட இடத்து மிச்சத்தை எடுத்து வேகவைக்கிறீர்கள் என்றால் காசையும் செலவழித்துக் கதவையும் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

## வழி 3: முழுக்க அடர்தீவனம்

மக்காச்சோளம், தவிடு, சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள், தாது உப்பு. மூட்டையாக வாங்கலாம், ஆள் பலம் இருந்தால் சொந்தமாக அரைத்துக் கலக்கலாம். கருவாட்டுத்தூள் வாங்கும்போது மணல் கலப்பையும் உப்பையும் பாருங்கள்.

நோய் கணக்கில் இதுதான் மேல், சந்தேகமே இல்லை. ஆனால் "தீவனம் போட்டால் நோய் வராது" என்று நினைப்பவர்கள் நிறைய, அது தப்பு. தீவன லாரியும் வண்டிதான், அதுவும் பண்ணை பண்ணையாகத்தான் போகிறது. மூட்டையை வாசலில் இறக்கி, உங்கள் ஆள் உங்கள் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோக வேண்டும். பழைய சாக்கு திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைக்காரர் இருந்தால் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அந்தச் சாக்கு எத்தனை பண்ணைத் தரையில் கிடந்ததோ. எலி வந்து சேரும், கிடங்கு தரையிலிருந்து உயரமாக இருக்க வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் செலவு கையில் காசு. 50 பன்றிக்கு மாதம் 80, 90 ஆயிரம் போல முன்பணம் வேண்டும், விற்கிறவரைக்கும் வரவு கிடையாது. கடனுக்கு எடுத்தால் கடைக்காரர் வைத்ததுதான் விலை. பலர் நடுவில் காசு தட்டியதும் "ரெண்டு வாரம் மட்டும்" என்று ஓட்டல் மிச்சத்துக்குப் போவார்கள். அந்த ரெண்டு வாரம் போதும்.

## கொஞ்சம் கணக்கு

என் கணக்கைப் போடுகிறேன், உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். பால் மறந்த 12 கிலோ குட்டியை 90 கிலோவுக்குக் கொண்டுவர 78 கிலோ ஏற்ற வேண்டும். 50 குட்டி.

அடர்தீவனத்தில் கிலோ எடைக்கு 3.5 கிலோ தீவனம் என்று வைத்தால் 273 கிலோ. கிலோ 32 ரூபாய். ஒரு பன்றிக்கு 8,736 ரூபாய், சுமார் 5 மாதத்தில் முடியும்.

ஓட்டல் மிச்சத்தில் அதே எடைக்கு எனக்கு 8 மாதம் ஆனது, 240 நாள் என்று வையுங்கள். அப்படியே போட்டால் வண்டி, டீசல் நாளுக்கு 800, பிரித்துப் போட அரை ஆள் 300, ஆக 1,100. ஒரு பன்றிக்கு 5,280 வரும். வேகவைத்தால் வண்டி 800, முழு ஆள் 600, விறகு 45 கிலோ 270, மொத்தம் 1,670. ஒரு பன்றிக்கு 8,016.

பார்த்தீர்களா? சரியாக வேகவைத்தால் அடர்தீவனத்துக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு பன்றிக்கு 720 ரூபாய்தான், அதுவும் மூன்று மாதம் கூடுதலாக ஷெட்டில் நிறுத்தி. "ஓட்டல் மிச்சம் மலிவு" என்று நாம் சொல்வதெல்லாம் வேகவைக்காமல் போடும் கணக்குத்தான்.

வேகவைக்காமல் போட்டால் 50 பன்றிக்கு 1,72,800 ரூபாய் மிச்சம். பெரிய காசு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உயிர் எடை கிலோ 130 என்று வைத்தால் 50 பன்றி 5,85,000. ஒரே ஒரு தடவை நோய் வந்து பண்ணை காலியானால் மூன்று பேட்சுக்கு மேல் மிச்சம் பிடித்தது, அதாவது இரண்டே கால் வருஷத்துக் காசு, ஒரு வாரத்தில் போய்விடும்.

நஷ்ட ஈடு கிடைக்குமே என்பவர்களுக்கு: ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கான 2020 தேசியச் செயல்திட்டப்படி நோய் கண்ட இடத்திலிருந்து 1 கிலோமீட்டர் சுற்றளவு தொற்று மண்டலம், 10 கிலோமீட்டர் கண்காணிப்பு மண்டலம். 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகளை அரசு கொன்று புதைக்கும், அப்படிக் கொன்றதற்கு எடை வாரியாகக் காசு, 15 கிலோ வரை 2,200 ரூபாயில் ஆரம்பித்து 70 முதல் 100 கிலோ வரையிலான பன்றிக்கு 12,000 என்று வைத்திருந்தார்கள். தானாகச் செத்த பன்றிக்கு இந்தக் காசு கிடையாது. நான்கு நாள் மறைத்து வைத்துவிட்டு, பாதி செத்த பிறகு கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டவருக்குப் பாதிக்குத்தான் காசு. உங்கள் பண்ணை சுத்தமாக இருந்தாலும் 800 மீட்டர் தள்ளி இருப்பவர் எச்சில் டிரம்மோடு இருந்தால் உங்களுடையதும் போகும், அதனால் பக்கத்துப் பண்ணைக்காரர் என்ன போடுகிறார் என்பதும் உங்கள் கணக்கில் வர வேண்டும்.

## வழி 4: கறி படாத மிச்சமும் தீவனமும்

இதுதான் நான் வந்து நின்ற இடம். சேலம், நாமக்கல் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை மரவள்ளித் திப்பி, அதாவது கிழங்கில் மாவு எடுத்த சக்கை, கிடைக்கும். அரிசி ஆலைத் தவிடும் குருணையும் எங்கும் உண்டு. பீர் சக்கை கிடைக்கும் ஊர்க்காரர்கள் அதையும் எடுக்கலாம். இவற்றில் கறி படுவதற்கு வழியில்லை, சமையலறை வழியாக வரவில்லை.

திப்பியில் மாவு இருக்கிறது, புரதம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் போட்டால் வயிறு நிறையும், எடை ஏறாது. தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திப்பி போகாமல், புண்ணாக்கும் கருவாட்டுத்தூளும் தாது உப்பும் சேர்த்தேன், எனக்கு ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. செலவு முழு அடர்தீவனத்தை விடச் சற்றுக் குறைவு. ஈரத் திப்பியும் பீர் சக்கையும் இரண்டு மூன்று நாளில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை தீனி சினைப்பன்றிக்கு ஆகவே ஆகாது. வெயிலில் உலர்த்த களம் வேண்டும், ஐப்பசி மழையில் அது நடக்காது.

சந்தைக் காய்கறியும் எடுக்கலாம், ஆனால் மருந்து அடித்த கோஸ், காலிஃபிளவர் இலை மூட்டையாக வந்தால் நான் இறக்குவதில்லை. பேக்கரி கழிவு என்று சொல்லிக் கொடுப்பார்கள், பிரட்டும் ரஸ்க்கும் சரி, அதற்குள்ளேயே சிக்கன் பஃப்ஸ் கிடக்கும். பிரித்துத் தரச் சொல்லிப் பார்த்தேன், இரண்டு நாள் பிரித்தார்கள். விட்டுவிட்டேன்.

## ஒரே பார்வையில்

| | அப்படியே ஓட்டல் மிச்சம் | வேகவைத்த மிச்சம் | முழு அடர்தீவனம் | கறி படாத மிச்சம் + தீவனம் |
|---|---|---|---|---|
| தீனி வழி நோய் ஆபத்து | மிக அதிகம் | 90 டிகிரி, 60 நிமிடம், கிளறல் மூன்றும் இருந்தால் குறைவு | மிகக் குறைவு | குறைவு |
| டிரம், வண்டி வழி ஆபத்து | மிக அதிகம் | அதிகம், சொந்த வண்டி என்றால் நடுத்தரம் | வாசலில் இறக்கினால் குறைவு | வாசலில் இறக்கினால் குறைவு |
| ஒரு பன்றிக்குத் தீனிச் செலவு (என் கணக்கு) | 5,280 | 8,016 | 8,736 | அடர்தீவனத்தை விடச் சற்றுக் குறைவு |
| 90 கிலோ வர | 8 மாதம் | 8 மாதம் | 5 மாதம் | 6 மாதத்துக்கு மேல் |
| தினசரி ஆள் வேலை | நடுத்தரம் | அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| தீனி நின்றுபோகும் பயம் | புரட்டாசி, கோடை விடுமுறை | அதேதான் | காசு இருந்தால் இல்லை | மழைக்காலம், ஆலை சீசன் |
| முன்பணம் | குறைவு | நடுத்தரம் | அதிகம் | நடுத்தரம் |

## தீனியை மாற்றினால் மட்டும் போதுமா

போதாது, ஆனால் மற்ற கதவுகளை அடைப்பது இதைவிடச் சுலபம். புதுக் குட்டி வாங்கினால் 30 நாள் தனி ஷெட், தனி ஆள். சந்தையில் நின்ற குட்டியை விட, காட்டுப்பாக்கம் மாதிரி அரசு பல்கலைக்கழகப் பண்ணையிலோ தெரிந்த ஒரே பண்ணையிலோ வாங்குவது மேல். ஊருக்கே ஒரு கிடா என்று வண்டியில் ஏற்றி இணை சேர்க்கக் கொண்டுபோகிறார்களே, அதை நிறுத்துங்கள், அந்தக் கிடா போகும் ஊர் நோயெல்லாம் உங்கள் பண்ணைக்கு வரும்.

வியாபாரி வண்டி உள்ளே வரவே கூடாது. ஏற்கெனவே இரண்டு பண்ணையில் ஏற்றிய பன்றியோடுதான் உங்களிடம் வருவார். வேலிக்கு வெளியே ஒரு ஏற்றுமேடை கட்டி, அங்கே கொண்டுபோன பன்றி விலை படியவில்லை என்றாலும் திரும்ப உள்ளே வரக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி விதி கசக்கும். வியாபாரிக்கும் அது தெரியும், விலையை அடிப்பார். அதனால் விலையை போனிலேயே முடித்துவிட்டுத்தான் நான் பன்றியை வெளியே விடுகிறேன்.

மலை ஓரம், காடு ஓரம் இருப்பவர்கள் காட்டுப்பன்றி வராத மாதிரி இரட்டை வேலி போட வேண்டும், ஒற்றைக் கம்பி வேலியில் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்ளும். ஆட்கள் வீட்டில் பன்றி வளர்க்கக் கூடாது, பன்றிக்கறியை மதியச் சாப்பாட்டில் கொண்டுவரக் கூடாது. வாசலில் மருந்துத் தொட்டி வைத்து அதில் சாணியும் சேறும் மிதந்தால் அது வெறும் சகதிதான், பண்ணைக்கென்று தனி ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி அதைவிட மேல்.

## அப்போ அந்த மூன்று பேருக்கும் என்ன சொன்னேன்

தர்மபுரிக்காரருக்கு: மாறாதீர்கள். சேகோ ஆலை தூரமில்லை, திப்பியைச் சேர்த்துத் தீவனச் செலவைக் குறையுங்கள். 50ஐ 35 ஆக்குங்கள், காசு தட்டி நடுவில் எச்சிலுக்குப் போவதை விடக் குறைந்த எண்ணிக்கையை ஒழுங்காக முடிப்பது நல்லது.

ஆறு வருஷக்காரரிடம் கொஞ்ச நேரம் பேசினேன். அவர் எடுப்பது ஒரே ஒரு விடுதியில், சொந்த வண்டி, சொந்த டிரம், மனைவியும் அவரும்தான் வேலை. முழுக்க மாற வேண்டாம், அடுப்பைச் சரிசெய்யுங்கள் என்றேன். சினைப்பன்றிக்கும் பால்குடிக் குட்டிக்கும் மட்டும் தீவனம், கொழுக்க விடுவதற்கு வேகவைத்த மிச்சம். முதல் நாளே தெர்மாமீட்டர் வாங்கிவிட்டார். நடுவில் 64 டிகிரிதான் காட்டியதாம், ஆறு வருஷமும் அப்படித்தான் போட்டிருக்கிறேனே அண்ணா என்று ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

ஷெட் போடாதவருக்கு மட்டும் எந்தத் தீனி என்று சொல்லவில்லை. முதலில் 1 கிலோமீட்டர் சுற்றி நடந்து பாருங்கள், யார் யார் பன்றி வைத்திருக்கிறார்கள், அவர்கள் வாசலில் என்ன டிரம் நிற்கிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள் என்றேன். இன்னும் போன் வரவில்லை.